அறிக்கையில் ஓர் அமீபா

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

மாரி மழை ஓய்ந்து மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும், இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவையாக மாறிவிடுவதை ஆண்டுதோறும் காண்கிறேன். இம்முறை வந்தவற்றுள் குடலில் வாழும் தனிக்கல ஒட்டுண்ணிகளோடு தொடர்புடையவற்றை மாத்திரம் தெரிந்தெடுத்து, எழுதியோரின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதிலளித்துள்ளேன்.

கேள்வி: எனது மகனுக்கு ஆறு வயது. ஒரு மாதத்துக்கு மேலாக நாளுக்கு மூன்று நான்கு தடவை இளக்கமாக மலம் போகிறது. இரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் தாங்க முடியாத நாற்றம். மலம் எண்ணெய்ப் பசையோடு தண்ணீரில் மிதக்கிறது. வயிறு ஊதிக்கொண்டு அழுகிய முட்டை மணத்தோடு ஏப்பம் விடுகிறான். பாமசியில் வாங்கிப் பூச்சிக் குளிசை இரண்டு தடவை கொடுத்தும் பயனில்லை. பிள்ளை மெலிந்து போகிறான். பூச்சி இன்னும் சாகவில்லையா? – ஒரு தாய், செங்கலடி

பதில்: "பூச்சி" என்ற ஒரே சொல்லை முற்றிலும் வேறுபட்ட இரு உயிர்க் கூட்டங்களுக்கும் நாம் பாவிப்பதிலிருந்தே இச்சிக்கல் தொடங்குகிறது. பூச்சிக் குளிசை என்று நீங்கள் வாங்கிய மருந்து வட்டப்புழு, கொளுக்கிப்புழு, கீரைப்பூச்சி போன்ற புழுக்களுக்கானது. அவை பல கலங்களாலான, கண்ணுக்குத் தெரியக்கூடிய உயிர்கள். நீங்கள் விபரித்திருக்கும் அறிகுறிகளோ, நுணுக்குக்காட்டியின் கீழ் மாத்திரமே தெரியக்கூடிய ஜியார்டியா என்னும் தனிக்கல ஒட்டுண்ணியை நினைவூட்டுகின்றன. பிள்ளையை நேரில் பார்க்காமல் இதுதான் என்று உறுதிசொல்ல முடியாது. ஆயினும் இரத்தமும் காய்ச்சலும் இல்லாமல் வாரக்கணக்கில் நீளும், கொழுப்பு மிதக்கும், நாற்றமுள்ள வயிற்றோட்டம் என்றால் முதலில் தேடப்பட வேண்டியது இதுவே.

இது ஒன்றும் புதிதாக வந்த கிருமி அன்று. 1681ஆம் ஆண்டில், ஒல்லாந்து நாட்டின் லேவன்ஹூக் என்பவர் தாம் செய்த உருப்பெருக்கி வில்லையின் ஊடாகத் தமது சொந்த மலத்தையே பார்த்து, அதில் நீந்தித் திரிந்த சிறு உயிர்களைப் பற்றி எழுதி வைத்தார். அவர் கண்டது ஜியார்டியா என்றே இன்று கொள்ளப்படுகிறது. அழகான தோற்றமுடைய உயிர் என்று சொன்னால் நோயாளியின் தாய்க்குக் கோபம் வரலாம்; என்றாலும் பேரிக்காய் வடிவமும் இரண்டு கண்கள் போன்ற இரு கருக்களுமாக, உதிரும் இலை அசைந்து அசைந்து விழுவது போல அது நகர்வதை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. அதன் வயிற்றுப்புறத்தில் உள்ள உறிஞ்சுதட்டினால் சிறுகுடலின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்கிறதே தவிரக் குடற்சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. ஆகவேதான் இரத்தம் போவதில்லை. ஆனால் உணவை உறிஞ்சும் குடற்சடைமுளைகள் இதனால் குட்டையாகி, கொழுப்பும் பாலிலுள்ள சீனியும் சரிவர உறிஞ்சப்படாமல் கீழிறங்குகின்றன. மலம் மிதப்பதும் வயிறு ஊதுவதும் பிள்ளை மெலிவதும் இந்த ஒரே காரணத்தின் விளைவுகள்.

மலப் பரிசோதனை ஒன்றைச் செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தால் அத்தோடு நின்றுவிட வேண்டாம். ஜியார்டியா தனது சிறைப்பைகளை, அதாவது ஆய்வுகூடத்தார் சிஸ்ட் என்று எழுதும் தடித்த கூட்டுக்குள் அடங்கிய வடிவத்தை, நாள்தோறும் ஒரே சீராக வெளியேற்றுவதில்லை. ஆகையால் வெவ்வேறு நாட்களில் எடுக்கப்பட்ட மூன்று மாதிரிகளைப் பார்ப்பதே முறை. உறுதியானால் மெட்ரோனிடசோல் சில நாட்களுக்கோ, டினிடசோல் ஒரே வேளையாகவோ வழங்கப்படும். அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது என்பதால் அதனை வைத்தியரிடமே விட்டுவிடுங்கள். மருந்து முடிந்த பின்னரும் சில வாரங்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றோட்டம் நீடிக்கக்கூடும். இதனைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் குளிசை கொடுப்பவர்கள் உண்டு. அக்காலத்தில் பாலைக் குறைத்துவிட்டுத் தயிரைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பாருங்கள். பாற்சீனியின் ஒரு பகுதி புளிக்கும்போதே குறைந்துவிடுவதால் பல பிள்ளைகள் அதனைத் தாங்கிக்கொள்கிறார்கள். பத்து அளவிலான சிறைப்பைகள் வாயினுள் சென்றாலே தொற்று ஏற்படப் போதுமானது என்பதால், வீட்டிலுள்ள ஏனைய பிள்ளைகளுக்கும் இதே அறிகுறிகள் உண்டா என்று கவனிப்பதும், மலசலகூடம் சென்று வந்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவப் பழக்குவதும் மருந்தளவுக்கு முக்கியமானவை.

கேள்வி: அலுவலகத்தில் வருடாந்த உடற்பரிசோதனைக்காக மலம் கொடுத்தேன். அறிக்கையில் "என்டமீபா கோலை சிஸ்ட் காணப்பட்டது" என்று உள்ளது. கைப்பேசியில் தேடிப் பார்த்தபோது ஈ.கோலை சிறுநீரகத்தைப் பழுதாக்கி ஆளையே கொல்லும் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இரண்டு இரவுகளாக நித்திரை இல்லை. எந்த மருந்து எடுக்க வேண்டும்? – 34 வயது ஆண், கல்முனை

பதில்: நித்திரை மருந்தும் வேண்டாம், வேறு எந்த மருந்தும் வேண்டாம். நீங்கள் கைப்பேசியில் கண்டது எஷெரிக்கியா கோலை என்ற பக்றீரியா. அதன் சில வகைகள் உண்மையிலேயே கடும் நோயைத் தருபவை. உங்கள் அறிக்கையில் இருப்பதோ என்டமீபா கோலை என்ற அமீபா. இரண்டையும் சுருக்கி எழுதும்போது ஒரே எழுத்தும் ஒரே சொல்லும் வந்து நிற்பதால் நேர்ந்த குழப்பம் இது. ஒரே முதலெழுத்துள்ள இருவரின் கடிதங்கள் வீடு மாறிப் போவதைப் போன்றதுதான். என்டமீபா கோலை மனிதப் பெருங்குடலில் பக்றீரியாக்களைத் தின்றுகொண்டு யாருக்கும் தீங்கின்றி வாழும் குடியிருப்பாளர். முதிர்ந்த சிறைப்பையில் எட்டுக் கருக்கள் இருப்பதை வைத்து ஆய்வுகூடத்தார் அதனை இனங்காண்கிறார்கள்; நோய் தரக்கூடிய என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவில் நான்குதான் இருக்கும்.

இவ்விரண்டினதும் வேறுபாட்டை நாம் அறிந்துகொண்ட வரலாறு சற்றுக் கசப்பானது. 1875ஆம் ஆண்டில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் லோஷ் என்ற வைத்தியர் வயிற்றுளைவால் வருந்திய ஒருவரின் மலத்தில் அமீபாக்களைக் கண்டார். எந்த அமீபா நோய் தருகிறது, எது தராது என்ற வாதம் அதன்பின் பல ஆண்டுகள் நீண்டது. 1913ஆம் ஆண்டில் மணிலா நகரில் வோக்கர், செலார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இன்றைய எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத ஒரு காரியத்தைச் செய்தார்கள்: சிறைக்கைதிகளுக்குச் சிறைப்பைகளை விழுங்கக் கொடுத்துப் பார்த்தார்கள். என்டமீபா கோலையை விழுங்கிய எவருக்கும் வயிற்றுளைவு வரவில்லை. ஹிஸ்டோலிட்டிகாவை விழுங்கிய இருபது பேரில் பெரும்பாலானோரின் குடலில் அது குடியேறியபோதும், நோய் வந்தது நான்கு பேருக்கு மாத்திரமே.

எஞ்சியோருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு ஒரு விடையை பிரம்ப்ட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1925ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். தோற்றத்தில் ஹிஸ்டோலிட்டிகாவைப் போலவே இருந்தும் நோய் தராத இன்னோர் இனம் உண்டு என்று சொல்லி அதற்கு என்டமீபா டிஸ்பார் என்று பெயரிட்டார். அவரை நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை. மரபணு ஆய்வுகளின் துணையோடு 1993ஆம் ஆண்டில்தான் அவர் சொன்னது சரியென நிறுவப்பட்டது. நுணுக்குக்காட்டியின் கீழ் இவ்விரண்டு இனத்தின் சிறைப்பைகளையும் எந்த வல்லுநராலும் பிரித்தறிய முடியாது. ஆகவே "என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா சிஸ்ட்" என்று ஓர் அறிக்கை உறுதியாகச் சொன்னால்கூட, நோயாளிக்கு அறிகுறிகள் எவையும் இல்லாவிட்டால், அது தீங்கற்ற டிஸ்பாராக இருக்க நிறைய வாய்ப்புண்டு. நகர்ந்து திரியும் அமீபாவின் உடலுக்குள் அது விழுங்கிய செங்குருதிக் கலங்கள் தெரிந்தால் கதை வேறு. அது ஹிஸ்டோலிட்டிகாவின் கைவரிசை என்று கொள்ளலாம். மற்றப்படி உறுதி வேண்டுமென்றால் மலத்தில் அதற்கே உரிய புரதத்தையோ மரபணுவையோ தேடும் சோதனை தேவை. 1997ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும், சிறைப்பை தெரிந்ததும் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுக்க வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. அறிகுறி இல்லாவிட்டாலும் ஹிஸ்டோலிட்டிகாதான் என்று உறுதியானவர் மட்டும் சிகிச்சை பெற வேண்டும். அவருக்கு நோய் பிற்பாடு வரலாம், அவரிடமிருந்து பிறருக்கும் பரவலாம்.

இதே வரிசையில் பிளாஸ்டோசிஸ்டிஸ் என்ற பெயரும் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. அட்டாளைச்சேனையிலிருந்தும் வாழைச்சேனையிலிருந்தும் அதைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். உலகெங்கும் நலமாயிருக்கும் மக்களின் குடலில் மிகப் பரவலாகக் காணப்படும் உயிர் அது. நோய் தருகிறதா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. வயிற்று உபாதை உள்ள ஒருவரிடம் வேறு காரணங்களை எல்லாம் தேடி எதுவும் அகப்படாதபோது மாத்திரமே அதற்கு மருந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது எனது நிலைப்பாடு. அறிக்கையில் ஒரு பெயர் இருப்பதும் உடம்பில் ஒரு நோய் இருப்பதும் வேறு வேறு விடயங்கள்.

கேள்வி: எனது அண்ணனுக்கு 42 வயது, வயல் செய்பவர். பின்னேரத்தில் குடிக்கும் பழக்கம் உண்டு. பத்து நாள் காய்ச்சல், வலது விலாவின் கீழே நோ, தோள்மூட்டிலும் உளைவு. ஸ்கான் செய்து ஈரலில் சீழ்க்கட்டி, அமீபாவால் வந்தது என்கிறார்கள். அவருக்கு வயிற்றோட்டமே வரவில்லை. மலத்திலும் ஒன்றும் இல்லையாம். வயிற்றுக் கிருமி ஈரலுக்குப் போனது எப்படி? – வெல்லாவெளி வாசகர்

பதில்: வைத்தியசாலையில் சொன்னதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஈரலில் அமீபாச் சீழ்க்கட்டி உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு அவ்வேளையில் வயிற்றோட்டம் இருப்பதில்லை; மலத்தில் அமீபா தென்படாமற் போவதும் வழமையே. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கி இரத்தத்தில் விடும் பிறபொருளெதிரிகளையும் ஸ்கான் படத்தையும் சேர்த்து வைத்தே முடிவுக்கு வருகிறார்கள்.

நடப்பது இதுதான். விழுங்கப்பட்ட சிறைப்பை சிறுகுடலில் உடைந்து, வெளிவந்த அமீபாக்கள் பெருங்குடலை அடைகின்றன. அவற்றுட் சில, குடலின் சளிப்படையை நொதியங்களால் கரைத்து உட்சுவரிலுள்ள கலங்களைப் பற்றிக்கொள்கின்றன. கலத்தைக் கொன்ற பின்னரே அமீபா அதனைத் தின்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உயிரோடு இருக்கும் கலத்தையே அது சிறிது சிறிதாகக் கடித்து எடுப்பதாகவும், அக்கடிகளே கலத்தைக் கொல்வதாகவும் 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இவ்வாறு வாய் ஒடுங்கி உள்ளே அகன்ற புண்கள் குடற்சுவரில் உண்டாகின்றன. குடலிலிருந்து செல்லும் இரத்தம் முழுவதும் முதலில் ஈரலுக்கே போவதால், குருதிக் குழாய்க்குள் புகுந்த அமீபா வந்து இறங்கும் இடமும் அதுவேயாகிறது. பெரும்பாலும் வலது பாகத்தில்தான் கட்டி தோன்றும். ஈரலின் மேலுள்ள பிரிமென்றகடு, அதாவது நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்தகடு, உறுத்தப்படுவதால் வலி தோள்மூட்டில் உணரப்படுகிறது. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நாட்களைப் போக்குபவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

பெண்களைவிட வயதுவந்த ஆண்களிடம் இந்நோய் பல மடங்கு, ஏறத்தாழ பத்து மடங்கு வரை அதிகமாகக் காணப்படுகிறது. யாழ்ப்பாணப் பகுதியில் ஆராயப்பட்ட நோயாளர்களிலும் மிகப் பெரும்பாலோர் மது, குறிப்பாகக் கள் அருந்தும் ஆண்களே. மது ஈரலைப் பலவீனப்படுத்துவதும் ஒரு காரணமாக இருக்கலாம். எவ்வாறாயினும் உங்கள் அண்ணன் இதனைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், மருந்து எடுக்கும் நாட்களிலாவது ஒரு சொட்டும் தொடாதிருக்க வேண்டும். மெட்ரோனிடசோலோடு மது சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம் என்ற எச்சரிக்கை அக்குளிசைக்கு உண்டு.

ஒரு விடயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மெட்ரோனிடசோல் ஈரலிலும் குடற்சுவரிலும் உள்ள அமீபாவைக் கொல்கிறது; ஆனால் குடலின் உட்குழியில் தங்கியிருக்கும் சிறைப்பைகளை அது முற்றாக ஒழிப்பதில்லை. அதற்கெனக் குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும் டைலோக்சனைட் ஃபியூரோவேற் போன்ற இன்னொரு மருந்து, பொதுவாகப் பத்து நாட்களுக்கு, பின்னர் கொடுக்கப்படும். காய்ச்சல் விட்டு நோவும் போய்விட்டால் நம்மவர்கள் இந்த இரண்டாவது மருந்தை எடுப்பதில்லை. சில மாதங்களின் பின் அதே மனிதர் அதே கட்டிலுக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மறுபுறம், குணமான பின் எடுக்கும் ஸ்கானில் கட்டியிருந்த குழி இன்னும் தெரிகிறது என்று அஞ்ச வேண்டாம். அது மறைய மாதக்கணக்கில் எடுக்கும்.

கேள்வி: வெள்ளம் வடிந்த பின் எங்கள் பகுதிக் கிணறுகளுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டுவிட்டுப் போனார். குளோரின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும், இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்லை என்கிறார் என் கணவர். மாமியார் கொதித்தாறிய நீர்தான் வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? – குடும்பப் பெண், ஆரையம்பதி

பதில்: இம்முறை மாமியார் பக்கமே நியாயம் இருக்கிறது. கணவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. ஒரு லீற்றர் நீரில் 1 மில்லிகிராம் அளவு செயற்படும் குளோரின் இருக்குமாயின், சாதாரண வெப்பநிலையில் ஈ.கோலை பக்றீரியா ஒரு நிமிடத்துக்குள்ளாகவே மடிந்துவிடும். வாந்திபேதியையும் நெருப்புக்காய்ச்சலையும் தடுத்த பெருமை குளோரினுக்கு உரியது; எனவே பரிசோதகர் வரும்போது கிணற்று மூடியைத் திறந்துவிடுங்கள். ஆனால் அதே அளவு குளோரினில் ஜியார்டியாவின் சிறைப்பை சாவதற்கு ஏறத்தாழ 45 நிமிடங்கள் எடுக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னோர் ஒட்டுண்ணியின் தடித்த கூட்டுக்கோ 15,300 நிமிடங்கள், அதாவது பத்து நாட்களுக்கும் மேல் தேவை. வெள்ளச் சேறு கலந்த கிணற்றில் குளோரினின் பெரும் பகுதி அச்சேற்றோடேயே செலவாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இது வெறும் கணக்கு அன்று. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில், சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டல் சரிவர நடைபெறாமையால், முறைப்படி குளோரின் இடப்பட்ட குழாய் நீரின் ஊடாகவே ஏறக்குறைய 403,000 பேருக்குக் கிரிப்டோஸ்போரிடியம் தொற்றியது. அந்நீரைக் கொதிக்க வைத்துக் குடித்திருந்தால் அது தொற்றியிராது. நீர் குமிழியிட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தாலே இந்த ஒட்டுண்ணிகள் அனைத்தும் செத்துவிடும்; இருபது நிமிடம் வைத்து விறகையும் எரிவாயுவையும் வீணாக்கத் தேவையில்லை. துணியில் வடிப்பதால் பயனில்லை, ஏனெனில் கிரிப்டோஸ்போரிடியத்தின் கூடு 4 முதல் 6 மைக்ரோமீற்றர் அளவே உள்ளது; நூலிழைகளுக்கிடையே அது தாராளமாகப் போய்விடும். கொதித்தாறிய நீரை வாயகன்ற பானையில் ஊற்றி, அதற்குள் கையோடு குவளையை விட்டு அள்ளினால் பட்ட பாடெல்லாம் வீண்.

மட்டக்களப்பின் எழுவான்கரை முழுவதும் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம். இரண்டு மூன்று முழம் தோண்டினால் நீர் ஊறும் இடங்கள் உண்டு. மாரியில் அது இன்னும் மேலே வந்து மலக்குழியின் அடிமட்டத்தைத் தொட்டுவிடுகிறது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று சொல்வது எளிது. ஐந்து பேர்ச் காணிகளை வேலிக்கு வேலி நெருக்கமாகப் பிரித்துக்கொண்ட குறிச்சிகளில், உங்கள் கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது பக்கத்து வீட்டாரின் மலக்குழியாகவே இருக்கும். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாயில் வரும் வீடுகளில், குடிப்பதற்கு அதனையும் குளிக்கத் துவைக்கக் கிணற்றையும் பாவிப்பது நல்லது. "கிணற்றுத் தண்ணீரின் உருசி குழாய்த் தண்ணீருக்கு வராது" என்று என் தாயாரும் சொல்வார். உருசிக்கும் சுத்தத்துக்கும் தொடர்பில்லை என்று அவரிடம் பலமுறை வாதிட்டுத் தோற்றிருக்கிறேன்.

கேள்வி: வல்லாரைச் சம்பலுக்கு இலையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் கிருமி செத்துவிடுமா? – ஆசிரியை, திருக்கோவில்

பதில்: சாகாது. உப்பும் தேசிக்காய்ப் புளியும் சிறைப்பைகளுக்கு ஒரு பொருட்டே அல்ல. இலையைக் கட்டுப் பிரித்து, வேரையும் மண் ஒட்டிய தண்டையும் நீக்கி, ஓடும் நல்ல நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுவதால் எண்ணிக்கை பெருமளவு குறையும். முற்றாக நீங்கும் என்று உறுதி கூற இயலாது. வாய்க்கால் ஓரத்தில் பறித்தது என்று தெரிந்தால், சம்பலை விட்டுச் சுண்டிச் சாப்பிடுவதே மேல்.

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் ஜியார்டியா என்று மருந்து எடுத்தேன். அதன் பின் மூன்று தடவை பரிசோதித்தும் கிருமி இல்லை என்கிறார்கள். ஆனால் சாப்பிட்டவுடன் வயிறு முறுக்கி மலம் கழிக்க ஓட வேண்டியிருக்கிறது; வயிறு ஊதுகிறது. கிருமி எங்கோ ஒளிந்திருக்கிறதா? "மனப் பிரமை" என்று வீட்டில் சொல்கிறார்கள். – 29 வயதுப் பெண், அக்கரைப்பற்று

பதில்: ஒளிந்திருக்கவும் இல்லை, பிரமையும் இல்லை. 2004ஆம் ஆண்டில் நோர்வேயின் பேர்கன் நகரில் குடிநீர் வழியாக ஜியார்டியா பரவியபோது நோயுற்றவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மூன்று ஆண்டுகளின் பின், கிருமி நீங்கியவர்களில் 46 வீதமானோருக்கு எரிச்சலுறு குடல் நோய்க்குரிய, அதாவது கிருமியோ புண்ணோ இல்லாமலே வயிறு முறுக்கி மலப்போக்கு மாறும் நோய்க்குரிய, அறிகுறிகள் இருந்தன. தொற்றாத ஒப்பீட்டுக் குழுவில் அது 14 வீதமே. அதாவது, ஒட்டுண்ணி போன பின்னரும் குடலின் நரம்புகளும் அதில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலையும் பழைய நிலைக்குத் திரும்ப நெடுங்காலம் எடுக்கலாம். வந்தவன் போய்விட்டாலும் அவன் கலைத்துப்போட்ட வீடு அப்படியே கிடக்கிறது.

இந்நிலையில் நான்காவது, ஐந்தாவது தடவையாக மெட்ரோனிடசோல் எடுப்பது பயனற்றது. சிலருக்கு அதுவே வயிற்றைக் கெடுக்கும். எந்த உணவின் பின் அதிகமாகிறது என்று இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். பால், பருப்பு வகை, வெங்காயம், பலாப்பழம் ஆகியவற்றைக் குறைத்தபோது ஆறுதல் அடைந்தவர்கள் பலர். ஆனால் மலத்தில் இரத்தம், காரணமின்றி நிறை குறைதல், நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், குருதிச்சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இதனை எரிச்சலுறு குடல் என்று விட்டுவிடாமல் பெருங்குடலை உட்காட்டி மூலம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போதும் ஒரு பொறி உண்டு: அமீபாப் புண்ணைப் பெருங்குடலின் நாட்பட்ட அழற்சி நோய் என்று தவறாகக் கருதி உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் ஸ்டீரோய்ட் மருந்தைக் கொடுத்துவிட்டால் அமீபா கட்டுக்கடங்காமல் பரவும். எனவே முன்பு வயிற்றுளைவு வந்திருந்தால் அதனை மறவாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் மாட்டுப்பட்டியில் இரண்டு கிழமைக் கன்றுகள் மூன்று கழிச்சலில் கிடந்தன. அவற்றைப் பராமரித்த எனக்கும், பின்னர் ஒன்றரை வயது மகளுக்கும் தண்ணீராகப் போகிறது. மாட்டின் வருத்தம் மனிதருக்குத் தொற்றுமா? – பொத்துவில் வாசகர்

பதில்: தொற்றும். மேலே சொன்ன கிரிப்டோஸ்போரிடியத்தின் ஓரினம் இளங்கன்றுகளுக்குக் கழிச்சலைத் தருவதில் பேர்போனது. கன்றின் சாணத்தோடு வெளிவரும் கூடு அந்தக் கணத்திலேயே தொற்றவல்லது. மனிதரில் இது முதன்முதலாக இனங்காணப்பட்டது 1976ஆம் ஆண்டில்தான் என்றாலும், ஆபிரிக்காவிலும் தெற்காசியாவிலுமாக ஏழு நாடுகளில் நடத்தப்பட்டு 2013ஆம் ஆண்டில் வெளியான பெரும் ஆய்வில், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கடும் வயிற்றோட்டத்துக்கு ரோட்டா வைரசுக்கு அடுத்த முக்கிய காரணமாக இதுவே தெரியவந்தது. வழமையான மலப் பரிசோதனையில் இது அகப்படாது. தனிச் சாயமூட்டல் தேவை. ஆகவே கன்றுகளைப் பற்றி வைத்தியரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும்.

உங்களுக்குப் பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமைகளில் தானாகவே மாறிவிடும். மகள் விடயத்தில் காத்திருக்க வேண்டாம். கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் வயிற்றோட்டத்தில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிப் பொதி ஒன்றைக் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். 24 மணித்தியாலங்களின் பின் மீதியை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பாலையும் வழமையான சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். வைத்தியசாலையில் துத்தநாகக் குளிசை தந்தால், வயிற்றோட்டம் நின்றாலும் சொன்ன நாள் வரை கொடுங்கள். கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் இரவானாலும் கொண்டுசெல்லுங்கள். கைக்குத் தடவும் அற்ககோல் திரவம் இக்கூட்டை ஒன்றும் செய்யாது. சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் வேண்டும். பட்டிக்குப் போட்டுச் செல்லும் செருப்பு வாசலோடு நிற்கட்டும்.

கேள்வி: ஐந்து நாளுக்குத் தந்த மெட்ரோனிடசோலில் இரண்டாம் நாளே வயிறு சுகமாகிவிட்டது. வாய் வேறு உலோகம் சப்பியது போல் கசக்கிறது. மீதியை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாமா? – வாழைச்சேனை வாசகர்

பதில்: கசப்பு அம்மருந்தின் இயல்பு, சிறுநீர் கடுநிறமாகப் போவதும் அவ்வாறே. இரண்டும் மருந்து முடிந்ததும் மறையும். சாப்பாட்டின் பின் எடுத்தால் குமட்டல் குறையும். விரல்நுனி விறைத்தாலோ ஊசி குத்துவது போலிருந்தாலோ மாத்திரம் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மற்றப்படி எஞ்சிய மூன்று நாளையும் எடுத்து முடியுங்கள். அடுத்த முறை வருவது பக்றீரியாவாகவோ வைரசாகவோ இருந்தால், நீங்கள் எடுத்து வைத்த அந்தக் குளிசைகள் பெரும்பாலும் எதற்கும் உதவப் போவதில்லை.